வீரநாராயணன் ஏரியும் எழுபத்துநான்கு மதகுகளும்

ஸ்ரீவைஷ்ணவ ஆசார்ய பரம்பரையை ஒரு நீர்வழியாகக் காட்டும் தனி ச்லோகம் ஒன்று ஸம்ப்ரதாயத்தில் நெடுங்காலமாக அநுஸந்திக்கப்பட்டு வருகிறது. திருமகள் கேள்வனாகிய கடலில் நம்மாழ்வாராகிய மேகம் படிந்து கருணை என்னும் நீரை முகந்தது. அந்நீரை நாதமுனிகளாகிய மலைமேல் பொழிந்தது. அது உய்யக்கொண்டார், மணக்கால் நம்பி என்னும் இரண்டு அருவிகளாய் இறங்கி, ஆளவந்தாராகிய ஆற்றை அடைந்து, எம்பெருமானாராகிய ஏரியை நிறைத்து, பின்வந்த ஆசார்யர்கள் வழியே சேதநர்களாகிய பயிருக்குப் பாய்கிறது என்பது அதன் திரண்ட பொருள். பெரிய நம்பி முதலான ஐவரையும் ஆற்றிலிருந்து ஏரிக்கு நீர் கொண்டுவரும் கால்களாகவும், எம்பெருமானார் நியமித்த எழுபத்துநான்கு ஸிம்ஹாஸநாதிபதிகளை ஏரியின் மதகுகளாகவும் கொண்டு பெரியோர் இதை விரித்துரைப்பர்.

உபந்யாஸங்களில் இவ்வுருவகம் பெரும்பாலும் ஓர் அழகிய உவமை என்ற அளவில் சொல்லப்பட்டுக் கடந்துவிடும். ஏரிப் பாசனத்தின் அமைப்பை அறிந்து இதனை நோக்குவார்க்கு வேறொன்று புலப்படும். கடல், மேகம், மலை, அருவி, ஆறு, கால், ஏரி, மதகு, பயிர் என்ற இவ்வரிசையில் ஓர் உறுப்பும் இடம் மாறவில்லை. ஒன்றும் விடுபடவும் இல்லை. வெறும் கவிமரபிலிருந்து வந்த வரிசை அன்று இது. ஏரியும் மதகும் அன்றாடக் காட்சியாக இருந்த நாட்டில் வாழ்ந்தவர்களின் வாக்கு இது. அப்படிப்பட்ட ஏரி ஒன்று இந்தப் பரம்பரையின் முதல் ஆசார்யருடைய ஊரிலேயே இருக்கிறது. நாதமுனிகளும் அவர் திருப்பேரனாராகிய ஆளவந்தாரும் அவதரித்த வீரநாராயணபுரம் என்னும் காட்டுமன்னார்கோயிலை அடுத்துள்ள வீராணம் ஏரியே அது. வீரநாராயணன் ஏரி என்ற பெயரே மக்கள் வழக்கில் வீராணம் என்று தேய்ந்தது.

வீரநாராயணன் என்பது முதலாம் பராந்தக சோழனின் விருதுப் பெயர்களுள் ஒன்று. மதிரை கொண்ட கோப்பரகேசரி என்று கல்வெட்டுகள் பேசும் அவ்வரசன் 907 முதல் 955 வரை ஆண்டவன். அவன் மைந்தன் இராசாதித்தன் வடபுலத்துப் படையெடுப்பை எதிர்நோக்கித் திருமுனைப்பாடி நாட்டில் பெரும்படையுடன் தங்கியிருந்தபோது, போரில்லா நாள்களில் படைவீரரைக் கொண்டே இவ்வேரியை வெட்டுவித்துத் தந்தையின் பெயரை இட்டான் என்பது செவிவழி வரலாறு. ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்கள் இதனை அறிவர். அந்நாவல் ஆடிப்பெருக்கு நாளில் இவ்வேரிக்கரையில்தான் தொடங்குகிறது. இராசாதித்தன் 949இல் தக்கோலத்தில் யானைமேலிருந்து பட்டான். படைவீரர்கள் வெட்டினார்கள் என்பது எப்படியாயினும், ஏரியின் பெயரும் ஊரின் பெயரும் பராந்தகன் காலத்தைச் சுட்டுகின்றன என்பதில் ஐயத்துக்கு இடம் குறைவு.

இங்கே ஒரு சிக்கலை மறைக்காமல் சொல்லவேண்டும். நாதமுனிகளின் திருநக்ஷத்திரம் சோபகிருது வருஷம் ஆனி மாதம் அனுஷம். மரபுக் கணக்கு இதனை 823ஆம் ஆண்டாகக் கொள்கிறது. ஆளவந்தாருக்குத் தாது வருஷம் ஆடி உத்திராடம், அது 916. பேரனாரின் அவதாரம் பராந்தகன் ஆட்சியின் தொடக்கத்தில் அமைய, பாட்டனாரின் அவதாரமோ விஜயாலயன் தஞ்சையைக் கைக்கொள்வதற்கும் முற்பட்டதாகிறது. அப்போது வீரநாராயணன் என்ற விருதுப் பெயர் தாங்கிய சோழன் இல்லை. அவன் பெயரால் ஊரும் இருந்திருக்க முடியாது. வருஷப் பெயர்கள் அறுபதாண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவன ஆதலால், சோபகிருதுவை 883 என்று கொண்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். அவ்வாறு கொண்டால் முப்பத்துமூன்று வயதில் நாதமுனிகளுக்குப் பேரன் பிறந்ததாக முடியும். ஆளவந்தாரின் தாது வருஷத்தையும் உடன் நகர்த்தி 976 என்று வைத்தால் இந்த இடர்ப்பாடு நீங்கும். ஆனால் குருபரம்பரை சொல்லும் அவர் திருமேனிப் பிராயம் பாதியளவுக்குச் சுருங்கிவிடும். இவ்வளவு புரட்டல் எதற்கு? பிற்காலத்தில் ப்ரபாவங்களை எழுதிவைத்த பெரியோர் தம் காலத்தில் வழங்கிய பெயரால் ஊரைக் குறித்தார்கள் என்று கொள்வதே நேரிது. இன்று எழுதுபவர்கள் காட்டுமன்னார்கோயிலில் நாதமுனிகள் அவதரித்தார் என்று எழுதுவதும் இதே முறையில்தான். ஊர் பழையது, பெயர் சோழனது. நாதமுனிகளின் இளமையில் இவ்வேரி இல்லை என்பது மட்டும் மரபுக் கணக்கை ஏற்பவர் எல்லாரும் ஒப்பவேண்டிய முடிவு. ஆளவந்தார் வளர்ந்த காலத்தில் அது வெட்டப்பட்டது. எம்பெருமானார் அவதரித்த 1017இல் அதற்கு ஏறத்தாழ நூறாண்டு ஆகியிருந்தது.

இனி ஏரியின் அமைப்பு. வடக்குத் தெற்காகச் சுமார் 14 கிலோமீட்டர் நீண்டு, அகன்ற இடத்தில் சுமார் 5 கிலோமீட்டர் பரந்து கிடக்கும் நீர்ப்பரப்பு இது. மலைகளுக்கு இடையே உள்ள கணவாயை அடைத்து நீரைத் தேக்குவது ஒரு முறை. மேல்நாட்டில் எம்பெருமானார் எழுந்தருளியிருந்த தொண்டனூரில் உள்ள ஏரி அவ்வகையைச் சேர்ந்தது. திருமலைசாகரம் என்று யதிராஜரே அதற்குப் பெயரிட்டார் என்பது அவ்வூர் மரபு. வீராணத்தில் மலையும் இல்லை, கணவாயும் இல்லை. மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கி மிக மெல்லச் சரியும் வண்டல் சமவெளி மட்டுமே உண்டு. அச்சரிவுக்குக் குறுக்கே, மட்டம் பிசகாமல், கீழ்ப்புறத்தில் நெடுங்கரை எழுப்பி நீரை நிறுத்தினார்கள். நிலத்தின் சரிவு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறியது. கரையின் உச்சி ஓரிடத்தில் ஒரு முழம் தாழ்ந்துவிட்டாலும் வெள்ளம் அங்கேதான் வழியும். வழிந்த இடத்தில் கரை அறுபடும். இத்தனை நீளத்துக்கு மட்டம் பார்த்துக் கூடை மண்ணால் கரை கட்டியவர்களின் திறமை, கோபுரம் எழுப்பியவர்களின் திறமைக்குக் குறைந்ததன்று. கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறோம். கரைமேல் நடந்து போகிறோம். அதனால் அது ஒரு கட்டுமானம் என்ற நினைவே எழுவதில்லை.

செய்தித்தாள்களில் ஏரியின் முழுக் கொள்ளளவு 47.50 அடி என்று வருவதைக் கண்டு அதனை ஆழம் என்று நினைப்பவர் உண்டு. அது கடல் மட்டத்துக்கு மேலான உயரத்தைக் குறிக்கும் கணக்கு. ஏரி பரப்பில் பெரியது, ஆழத்தில் சிறியது. இன்றைய நிலையில் நிறைந்தால் 146.5 கோடி கன அடி நீர் கொள்ளும் என்பது பொதுப்பணித்துறைக் கணக்கு. ஆழம் குறைந்த நீரை நெடுந்தொலைவு ஓட்ட முடியாது. ஒரே ஒரு பெரிய வாயைத் திறந்து அதிலிருந்து நாற்பதாயிரம் ஏக்கருக்குமேல் நீர் அனுப்ப நினைத்தால் கடைமடைக்கு ஒரு துளியும் சென்று சேராது. வாய்க்காலின் மண்ணே பாதியைக் குடித்துவிடும். ஆகையால் கரையின் நீளம் முழுவதும் மதகுகளை வைத்து, ஒவ்வொரு மதகுக்கும் அதன் நேர்கிழக்கே ஒரு பட்டை நிலத்தை ஆயக்கட்டாக வகுப்பதே வழி.

ஆனால் மதகுகளைப் பெருக்குவது எளிதன்று. மண்கரைக்கு மதகு ஒரு புண். கல்லும் மண்ணும் கூடும் இடத்தில் நீர் இழையாகக் கசியத் தொடங்கினால், மண்துகளைச் சிறிது சிறிதாக அரித்துக்கொண்டு உட்புழை உண்டாக்கி, ஓரிரவில் கரையை உடைத்துவிடும். மதகு ஒவ்வொன்றும் நீருக்கு வழி, உடைப்புக்கும் வழி. இதற்காகவே பழந்தமிழ்க் கட்டுநர் தூம்பை மிகுந்த கருத்தோடு அமைத்தனர். ஏரியின் உட்புறத்தில் கரையிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு கல்தொட்டி. அதன்மேல் துளையிட்ட பலகைக்கல். துளையை அடைக்கவும் திறக்கவும் இருபுறமும் நட்ட கல்தூண்களுக்கு இடையே ஏறி இறங்கும் அடைப்பு. தொட்டியிலிருந்து கரையின் அடிவழியே வெளியே செல்லும் மூடுகால். குமிழித் தூம்புகளில் மேலே நீரோடித் துளையும் அடியில் சேறோடித் துளையும் தனித்தனியே இருக்கும். தெளிந்த நீர் மேல் துளையால் வயலுக்குப் போகும். அடியில் படியும் வண்டல் கீழ்த் துளையால் வெளியேறும். பாய்ச்சலும் தூர்நீக்கலும் ஒரே உறுப்பில் நடந்த இந்த ஏற்பாடு பிற்காலத்து இரும்புக் கதவு மதகுகளில் இல்லாமற்போனது ஒரு குறையே.

எழுபத்துநான்கு என்ற எண்ணுக்கு இப்போது வரலாம். வீராணத்துக்கு 74 மதகுகள் இருந்தன என்பதும், எம்பெருமானார் அவ்வேரியைக் கடாக்ஷித்து அம்மதகுகளைப்போலவே நாடெங்கும் பாயும்படி 74 ஸிம்ஹாஸநாதிபதிகளை நியமித்தருளினார் என்பதும் பெரியோர் வாய்மொழியாக வழங்கிவருவன. இன்று ஏரியில் உள்ள பாசன மதகுகள் 34. எஞ்சிய நாற்பது எங்கே என்ற வினாவுக்கு இருவகை விடை கூறுவர். ஆயிரமாண்டில் சிறு மதகுகள் பல தூர்ந்தும், அடைக்கப்பட்டும், சில வாய்க்கால்கள் ஒன்றாக இணைக்கப்பட்டும் எண்ணிக்கை குறைந்தது என்பது ஒன்று. ஸிம்ஹாஸநாதிபதிகளின் எண்ணே பின்னர் ஏரிக்கு ஏற்றிச் சொல்லப்பட்டது என்பது மற்றொன்று. முதல் விடை நடக்கக்கூடியதே. மேலே சொன்ன காரணத்தால், மதகைக் குறைத்துக் கரையைக் காப்பது பராமரிப்பவர்க்கு எப்போதும் இயல்பான விருப்பம். இரண்டாவதையும் எளிதில் தள்ள முடியாது. ஸிம்ஹாஸநாதிபதிகளின் பட்டியல்கள் பெயருக்குப் பெயர் ஒத்திருப்பதில்லை. ஆயினும் எண் மட்டும் எல்லா இடத்திலும் 74 என்றே நிலைத்திருக்கிறது. எது முந்தியது என்று துணிய இன்று கைவசமுள்ள சான்று போதாது. துணியாமல் விடுவதால் உருவகத்துக்குக் குறை ஒன்றும் இல்லை. அது எண்ணின்மேல் நிற்கவில்லை, அமைப்பின்மேல் நிற்கிறது.

அமைப்பில் எல்லாவற்றிலும் நுட்பமானது வரத்துக்கால். காவிரியின் வடகிளையாகிய கொள்ளிடம் ஏரிக்குத் தெற்கே ஓடிக் கடலில் விழுகிறது. ஏரியின் வழியாக அது ஓடுவதில்லை. ஆற்று நீர் ஏரிக்கு வரவேண்டுமானால் இடையே ஒரு கால் வேண்டும். வடவாறு அதனைச் செய்கிறது. கீழணையிலிருந்து வடக்கே சுமார் 22 கிலோமீட்டர் வந்து ஏரியின் தென்புறத்தில் அது சேர்கிறது. இதை மனத்திற்கொண்டு குருபரம்பரையைப் பார்க்கவேண்டும். ஆளவந்தாரும் எம்பெருமானாரும் நேரில் ஒருவரோடொருவர் வார்த்தையாடவில்லை. இளையாழ்வார் திருவரங்கம் வந்து சேர்ந்தபோது ஆளவந்தாரின் சரமத் திருமேனியையே ஸேவிக்கப் பெற்றார். ஆறு ஏரியைத் தொடாமலே ஓடிவிட்டது. அந்த நீரை ஏரிக்குக் கொணர்ந்தவர்கள் பெரிய நம்பி, திருக்கோட்டியூர் நம்பி, திருமாலையாண்டான், திருவரங்கப்பெருமாள் அரையர், பெரிய திருமலை நம்பி என்னும் ஐவர். ஒருவரிடம் த்வயார்த்தமும், ஒருவரிடம் ரஹஸ்யங்களும், ஒருவரிடம் திருவாய்மொழிப் பொருளும், ஒருவரிடம் ஸ்ரீராமாயணமும் என்று கூறுகூறாக வந்த நீர் அது. ஆற்றையும் ஏரியையும் மட்டும் சொல்லி நிறுத்தாமல் நடுவே ஐந்து கால்களை வைத்து விரித்துரைத்தவர்களுக்கு வடவாறு போன்ற ஒன்று கண்முன் இருந்திருக்கவேண்டும். இரண்டு அருவிகள் என்றதைக் காவிரியின் சிவனசமுத்திரத்து இரட்டை அருவிகளோடு பொருத்திப் பார்க்கும் ஆசையும் சிலருக்கு எழலாம். அது உவமையை அளவுக்கு மீறி இழுப்பதாகும்.

எம்பெருமானாருக்கு முன் இருந்தது ஓராண்வழி. ஒரு பாத்திரத்திலிருந்து ஒரு பாத்திரத்துக்கு நீர் மாற்றுவதுபோல் ஒருவர் ஒருவருக்கே உபதேசித்த காலம் அது. அந்த வரம்பை அறுத்து, ஆசையுடையோர்க்கெல்லாம் கூறும்படி அவர் திறந்துவைத்ததை மணவாளமாமுனிகள் உபதேசரத்தினமாலையில் எடுத்துக்காட்டியருளினார். ஆற்றில் நேரே மண்டு குடிப்பது போன்றது முன்னைய முறை. பருவத்தில் பெய்ததைத் தேக்கிப் பருவமில்லாக் காலத்துக்கும் வகுத்துக்கொடுப்பது பின்னையது. மதகு தானாக ஒரு துளி நீரையும் உண்டாக்குவதில்லை. தனக்கென்று ஒரு துளி வைத்துக்கொள்வதும் இல்லை. எம்பெருமானார் தாமே திவ்யப்ரபந்தத்துக்கு வ்யாக்யானம் எழுதியருளாமல் திருக்குருகைப்பிரான் பிள்ளானை நியமித்து ஆறாயிரப்படி அருளிச்செய்வித்ததை இவ்விடத்தில் நினைப்பது தகும். பிள்ளானும் அந்த எழுபத்துநால்வரில் ஒருவர்.

ஏரியைக் கட்டுவதைவிடக் காப்பது அரிது. வரத்துக்கால் நீரோடு வண்டலும் வருகிறது. ஆண்டுதோறும் ஓர் அடுக்கு படிகிறது. சோழர் காலத்து ஊர்ச்சபைகள் இதற்காகத் தனி வாரியமே வைத்திருந்தன. வீராணத்தை வெட்டுவித்த அதே பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919, 921ஆம் ஆண்டுகளில், உத்தரமேரூர்ச் சதுர்வேதிமங்கலத்துச் சபை செய்த ஏற்பாடுகள் அவ்வூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் பொறிக்கப்பட்டுள்ளன. குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்டோரில் ஏரிவாரியத்துக்கு அறுவர். பதவிக் காலம் 360 நாள். முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் விலக்கு. கால் வேலி நிலத்துக்கு மேற்பட்ட உடைமையும், முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குட்பட்ட வயதும் வேண்டும் என்ற விதிகளும் உண்டு. தர்க்க வ்யாகரண மீமாம்ஸைகளில் வல்ல அந்தணர்கள் வாழ்ந்த அக்ரஹாரத்தில், ஏரியின் தூரை நீக்குவதும் கரையைக் காப்பதும் சபையின் தலையாய காரியங்களில் வைக்கப்பட்டிருந்தன. கைங்கர்யங்களுக்குத் தனித்தனிக் கொத்து வகுத்துத் திருவரங்கக் கோயில் நிர்வாகத்தை எம்பெருமானார் ஒழுங்குபடுத்தியதைக் கோயிலொழுகில் படிப்பவர்கள், அந்த நிர்வாகத் திறம் வெற்றிடத்தில் தோன்றியதன்று என்பதை உத்தரமேரூர்ச் சுவரைக் கண்டால் உணர்வர்.

பிற்கால வரலாற்றைச் சுருங்கச் சொல்லலாம். கொள்ளிடத்தில் அணையில்லாத காலத்தில் ஏரியின் ஆற்றுவரத்து வெள்ளத்தின் போக்கையே நம்பியிருந்தது. 1836இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையையும் அணைக்கரையில் கீழணையையும் கட்டியபின் வடவாற்றுக்கு நிலையான தலைமட்டம் கிடைத்தது. ஆழம் காணாத ஆற்றுமணலில் அடித்தளம் இடும் வித்தையைக் கல்லணை முதலிய பழைய கட்டுமானங்களிலிருந்தே தாம் கற்றதாக அவர் எழுதியிருக்கிறார். கோதாவரியில் தவளேஸ்வரம் அணைக்கும் அதுவே கைகொடுத்தது. மேற்கிலிருந்து செங்கால் ஓடை, கருவாட்டு ஓடை முதலியன மழைக்காலத்தில் வெள்ளத்தைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. மிகுநீர் லால்பேட்டையருகே வெள்ளியங்கால் ஓடை வழியாகவும், வடக்கே சேத்தியாத்தோப்புப் பக்கத்தில் வெள்ளாற்றிலும் வடிகிறது.

1960களின் இறுதியில் இந்நீரைச் சென்னைக்குக் கொண்டுசெல்லும் திட்டம் தொடங்கி இடையில் கைவிடப்பட்டது. அதற்காக வார்த்த பெருங்குழாய்கள் பல்லாண்டு சாலையோரத்தில் கிடந்து, வீடற்றோர்க்கு வீடாகவும் பயன்பட்டன. 2004இல் புதிய வீராணம் திட்டம் நிறைவேறியது. சேத்தியாத்தோப்பில் எடுக்கப்படும் நீர் வடக்குத்தில் சுத்திகரிக்கப்பட்டு, மேட்டுநிலமாகிய காடாம்புலியூர் வரை இயந்திரத்தால் ஏற்றப்பட்டு, அங்கிருந்து தன் எடையாலேயே இறங்கிப் போரூரை அடைகிறது. மொத்தத் தொலைவு சுமார் 230 கிலோமீட்டர். நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் என்பது திட்டத்தின் அளவு. சோழன் காலத்து மதகுகளோடு சேர்த்து எண்ணினால் இதுவும் ஒரு மதகு. ஒரு வேறுபாடு உண்டு. பழைய மதகுகளின் ஆயக்கட்டில் வாழ்பவருக்கு ஏரியின் தூரும் கரையும் தம் கவலை. இந்த மதகின் ஆயக்கட்டில் வாழும் நகரத்தார் பலர் ஏரியைக் கண்டதே இல்லை. நீர் குறைந்த ஆண்டில் வயலுக்கா குடிநீருக்கா என்ற வழக்கு எழும்போது இந்த வேறுபாடு வெளிப்படுகிறது. இதற்கிடையில் ஏரியின் உள்வாயில் வண்டல் மேலும் மேலும் படிந்துவருகிறது.

நாதமுனிகளின் திருநக்ஷத்திரமாகிய ஆனி அனுஷம் வரும் நாள்களில் வீராணம் பெரும்பாலும் நீர் வற்றி, உள்வாயில் ஆடுமாடு மேயும் நிலையில் இருக்கும். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12இல் திறக்கும் ஆண்டுகளில், புதுப்புனல் கல்லணையும் கீழணையும் கடந்து வடவாற்றில் இறங்கி ஏரிக்கு வந்து சேர, ஆளவந்தாரின் ஆடி உத்திராடத்தை ஒட்டி ஆகிவிடும். காட்டுமன்னார் ஸந்நிதியில் அத்திருநக்ஷத்திரம் கொண்டாடப்படும்போது, ஊருக்கு வெளியே கீழ்க்கரை மதகுகளில் நீர் ஏறத் தொடங்கியிருக்கும்.